பின்னோக்கிப் போகும் சிறுநீர்: காடையின் குடல் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை

பாலைவனக் காடை ஒன்றின் உடலுக்குள் சிறுநீர் பின்னோக்கிப் போகிறது. பறவைகளுக்குச் சிறுநீர்ப்பை இல்லை. சிறுநீரகம் வடித்து அனுப்புவதெல்லாம் எச்சத்துவாரத்தின் உட்புற அறைக்கு வந்து சேரும். மலமும் முட்டையும் வெளியேறுவது அந்த ஒரே வாயில் வழியாகத்தான். வந்த சிறுநீர் உடனே வெளியேறுவதில்லை. குடல் தசைகள் எதிர்த்திசையில் அலையலையாகச் சுருங்கி அதைப் பெருங்குடலுக்குள் ஏற்றுகின்றன. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இருபுறமும் தொங்கும், ஒரு முனை மூடிய இரண்டு நீண்ட பைகள் வரைக்கும் அது போகிறது. முட்டுக்குடல் என்று இவற்றைச் சொல்கிறோம். மனிதருக்கு இருப்பது ஒன்று, அதுவும் சிறியது. காடைக்கு இரண்டு.

அந்தப் பைகளில் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கோழியின் முட்டுக்குடலில் ஒரு கிராம் சரக்கில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம். சிறுநீரில் வரும் யூரிக் அமிலத்தைப் பறவையால் சிதைக்க முடியாது, அதற்கான நொதி அதன் உடலில் இல்லை. பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவை யூரிக் அமிலத்தை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனில் ஒரு பங்கு பாக்டீரியாக்களின் உடலாகிறது, ஒரு பங்கு பறவையின் இரத்தத்துக்குத் திரும்பிப் புதிய அமினோ அமிலங்களுக்கு மூலப்பொருளாகிறது. அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்தில் வாழும் கேம்பல் காடையின் முட்டுக்குடலில் யூரிக் அமிலம் சிதைவதை அரிசோனா பல்கலைக்கழகத்தின் எல்டன் பிரானும் அவருடன் பணியாற்றியவரும் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டனர். பறவையின் சிறுநீரில் யூரிக் அமிலம் நுண்ணிய உருண்டைகளாக இருக்கிறது என்பதும், அந்த உருண்டைகளுக்குள் இரத்தப் புரதமும் கலந்திருக்கிறது என்பதும் பிரானின் ஆய்வுகளில் தெரியவந்தவை. பாலூட்டியின் சிறுநீரில் இந்த அளவு புரதம் இருந்தால் அது நோயின் அறிகுறி. பறவைக்கு அது இழப்பே இல்லை, ஏனென்றால் குடலுக்குள் திரும்பும் சிறுநீரோடு புரதமும் திரும்புகிறது.

சிறுநீரகத்தின் வேலை சிறுநீரகத்தோடு முடிவதில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. அடுத்த கட்டத்தைக் குடல் செய்கிறது. குடலின் பங்கில் ஒரு பகுதியை அங்கே குடியிருக்கும் வேறு உயிர்கள் செய்கின்றன.

குடல் நுண்ணுயிர்களைப் பற்றிப் பொதுவில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்ற பட்டியலிலேயே நின்றுவிடுகிறது. காடையை ஊன்றிப் பார்த்தால் அந்தக் கேள்வி போதாது என்று புரியும். நுண்ணுயிர் குடலின் எந்த இடத்தில் இருக்கிறது, உணவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது, உயிரின் வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் அது வந்து சேர்ந்தது ஆகிய மூன்றையும் கேட்காமல் அதன் பலனைப் பற்றிப் பேச முடியாது. முதுகெலும்புள்ள விலங்குகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

இடம்

நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்துச் சிதைக்கும் அறையை நொதிக்கலன் எனலாம். மாடும் ஆடும் அதை அமில இரைப்பைக்கு முன்னால் வைத்திருக்கின்றன. முதல் அறையில் நுண்ணுயிர்கள் புல்லைச் சிதைக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைக்குப் போய்ச் செரிமானமாகின்றன. மாட்டின் புரதத் தேவையில் பெரும்பகுதியைத் தருவது இப்படிச் செரிக்கப்பட்ட பாக்டீரியாக்கள்தான். பறவைகளில் இந்த அமைப்புக்குச் சான்றாக இருப்பது தென்னமெரிக்காவின் ஹோட்சின். இலை தின்னும் அந்தப் பறவையின் தீனிப்பையும் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியும் பெருத்து நொதிக்கலனாகியிருக்கின்றன. வெனிசுவேலாவில் நடந்த ஆய்வு இதை 1989-இல் உறுதிசெய்தது.

முயல், குதிரை, கோழி, காடை ஆகியவற்றுக்கு நொதிக்கலன் கடைசியில் இருக்கிறது. இதில் ஆதாயமும் உண்டு, நட்டமும் உண்டு. எளிதில் செரிக்கும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் சிறுகுடல் தானே உறிஞ்சிக்கொள்கிறது, நுண்ணுயிருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசியில் வளரும் பாக்டீரியாக்களின் புரதமும் வைட்டமின்களும் பெருமளவு வெளியேறிவிடும். முயல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முட்டுக்குடலிலிருந்து வரும் மென்மையான உருண்டைகளை அது திரும்பத் தின்றுவிடுகிறது.

காடையும் கோழியும் இரண்டு வகை எச்சமிடும். ஒன்று வழக்கமானது. நாளில் சில முறை மட்டும் வரும் மற்றொன்று பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும், அது முட்டுக்குடலிலிருந்து வருவது. குடலில் போகும் எல்லாமும் முட்டுக்குடலுக்குள் நுழைவதில்லை. அதன் வாயில் அடர்ந்த குடலுறிஞ்சிகள் வடிகட்டிபோல நின்று நீரையும் நுண்துகள்களையும் மட்டும் உள்ளே விடுகின்றன. முரட்டு நார் நேராக வெளியேறிவிடும். பறக்க வேண்டிய உடலுக்கு இது சிக்கனமான ஏற்பாடு: கனமான நாரைச் சுமக்காமல் சத்து கரைந்த நீரை மட்டும் நொதிக்க வைக்கலாம்.

எல்லாப் பறவைகளிலும் இந்தப் பைகள் ஒன்றுபோல் இல்லை. புறாவுக்கு இருப்பது சிறு மொட்டு மட்டும், கிளிகளுக்கு அதுவும் கிடையாது. கோழி இனத்துக்குள்ளேயே வேறுபாடு பெரிது. அமெரிக்க விலங்கியலாளர் ஸ்டார்க்கர் லியோபோல்ட் 1953-இல் வட அமெரிக்கக் கோழியினப் பறவைகளின் குடலை ஒப்பிட்டு, விதை தின்னும் காடைகளுக்கு முட்டுக்குடல் ஒப்பளவில் குட்டையாகவும், இலையும் மொட்டும் தின்னும் குரௌஸ் பறவைகளுக்கு மிக நீளமாகவும் இருப்பதைக் காட்டினார். நார் மிகுந்த உணவுக்கு நீளமான பை என்று இதிலிருந்து ஒரு விதி எழுதிவிடத் தோன்றும். ஆந்தை அதற்கு இடம் கொடுப்பதில்லை. முழுக்க இறைச்சி தின்னும் ஆந்தைக்குப் பெரிய முட்டுக்குடல்கள் இருக்கின்றன. நாரை நொதிக்க வைப்பது அந்தப் பையின் வேலைகளில் ஒன்றுதான். நீரையும் உப்பையும் நைட்ரஜனையும் மீட்பது இன்னொன்று.

ஒரே பறவைக்குள்ளும் இந்த உறுப்புகள் மாறுகின்றன. ஜப்பானியக் காடைக்கு நார் மிகுந்த உணவைக் கொடுத்தபோது சில வாரங்களுக்குள் அதன் அரைவைப்பை பருத்ததையும், பழைய தீனிக்குத் திரும்பியதும் சுருங்கியதையும் மத்தியாஸ் ஸ்டார்க் ஆராய்ந்திருக்கிறார். குடலின் வடிவம் மாறினால் உணவு தங்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் அங்கே வாழும் பாக்டீரியாக்களும் மாறும். எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது அதனால்தான் இவ்வளவு கடினம்.

இங்கே ஒரு குறிப்பு. கேம்பல் காடையும் ஜப்பானியக் காடையும் பெயரளவில்தான் உறவு. முன்னது புதிய உலகக் காடைக் குடும்பம், பின்னது கோழியும் மயிலும் இருக்கும் குடும்பம். ஒன்றில் கண்டதை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது.

கொடுப்பதும் எடுப்பதும்

நாரையும் சிறுகுடலில் செரிக்காத மாவையும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. மாட்டின் ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு இவற்றிலிருந்து வருகிறது, மனிதருக்கு 10 விழுக்காடு அளவில். பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருள். இந்த அமிலங்கள் குடலில் ஹார்மோன் சுரக்கும் செல்களின் ஏற்பிகளைத் தொட்டு, பசியையும் குடலின் வேகத்தையும் மாற்றும் சைகைகளைக் கிளப்புகின்றன. உணவாகவும் செய்தியாகவும் ஒரே மூலக்கூறு வேலை செய்கிறது.

நுண்ணுயிர் இல்லாமல் விலங்கு வாழுமா? முடியாது என்றே 1885-இல் லூயி பாஸ்டர் கருதினார். பத்தாண்டுகளுக்குப் பின் பெர்லினில் நட்டாலும் தியர்ஃபெல்டரும் நுண்ணுயிரற்ற கினிப்பன்றிக் குட்டிகளைச் சில நாட்கள் உயிரோடு வைத்திருந்தனர். 1912-இல் பாஸ்டர் நிறுவனத்திலேயே மிஷேல் கோஹெண்டி நுண்ணுயிரற்ற கோழிக்குஞ்சுகளை வாரக்கணக்கில் வளர்த்துக் காட்டினார். ஆக, வாழ முடியும். ஆனால் அப்படி வளர்ந்த உடல் வேறு மாதிரியானது. நுண்ணுயிரற்ற எலியின் முட்டுக்குடல் பல மடங்கு வீங்கிவிடும், தீனியில் வைட்டமின் கே சேர்க்காவிட்டால் இரத்தம் உறையாது, எடையைத் தக்கவைக்கவே அதிகம் தின்ன வேண்டும். 2004-இல் ஜெஃப்ரி கோர்டனின் ஆய்வகம் நுண்ணுயிரற்ற சுண்டெலிகளுக்குச் சாதாரண சுண்டெலியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தது. தீனியைக் குறைவாகத் தின்றும் 14 நாட்களில் அவற்றின் உடல் கொழுப்பு 60 விழுக்காடு கூடியது.

இந்தச் சோதனை புகழ்பெற்றது. நுண்ணுயிர் என்றால் உடலுக்குக் கூடுதல் வரவு என்ற எண்ணம் இதனாலேயே வேரூன்றியது. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கோழிக்குஞ்சுகள் நேரெதிரான ஒன்றைக் காட்டியிருந்தன. அது இன்று அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் தீனியில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டனர். ஏன் என்று தெரியவில்லை. இங்கிலாந்தில் மேரி கோட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் நுண்ணுயிரற்ற குஞ்சுகளையும் சாதாரணக் குஞ்சுகளையும் பென்சிலினோடும் பென்சிலின் இல்லாமலும் வளர்த்துப் பார்த்தனர். சாதாரணக் குஞ்சுகள் பென்சிலினால் கூடுதலாக வளர்ந்தன. நுண்ணுயிரற்ற குஞ்சுகள் பென்சிலின் இல்லாமலே நன்றாக வளர்ந்தன, பென்சிலின் கொடுத்தும் கூடுதல் பலன் ஏதும் இல்லை. மருந்து குஞ்சின் உடலை வளர்க்கவில்லை, நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டிருந்த பங்கைக் குறைத்தது என்பதுதான் இதன் பொருள்.

அந்தப் பங்கு என்ன? சிறுகுடலில் பாக்டீரியாக்கள் குளுக்கோசுக்குப் போட்டியிடுகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளைச் சிதைக்கின்றன. அவற்றைக் கட்டுக்குள் வைக்க உடல் சளியும் எதிர்ப்புப் புரதங்களும் ஓயாமல் சுரந்துகொண்டிருக்க வேண்டும், குடல் செல்களை விரைவில் புதுப்பிக்க வேண்டும். முட்டுக்குடலில் வரவு தரும் அதே கூட்டம் சிறுகுடலில் செலவு வைக்கிறது. வரவும் செலவும் விலங்குக்கு விலங்கு, தீனிக்குத் தீனி வேறுபடும். நார் மிகுந்த தீனி தின்னும் சுண்டெலியில் வரவு மேலோங்குகிறது, எளிதில் செரிக்கும் தீனி தின்னும் குஞ்சில் செலவு மேலோங்குகிறது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கலந்த பழக்கம் மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களைப் பெருக்கியது. வளர்ச்சிக்காக அதைத் தீனியில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றிலும் தடைசெய்தது. தடை முழுக்கச் சரியானது, காலம் தாழ்த்தி வந்தது.

குறைமாதக் குழந்தைக்காக ஒரு காடை

ஜப்பானியக் காடை ஆய்வகத்துக்கு ஏற்ற பறவை. 17, 18 நாட்களில் முட்டை பொரியும், ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டை ஓட்டைக் கிருமிநீக்கம் செய்து, காற்றும் தீனியும் தூய்மையாக்கப்பட்ட மூடிய கூண்டில் பொரிக்க வைத்தால் நுண்ணுயிரற்ற காடை கிடைக்கும். பிரான்சில் சில ஆய்வாளர்கள் இந்தக் காடையை எதிர்பாராத ஒரு நோய்க்கு மாதிரியாக்கினர். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் குடல் சுவர் அழுகி, சில வேளைகளில் உயிரையே பறிக்கும் குடல் அழற்சி நோய் அது.

பறவை பால் குடிப்பதில்லை. பாலிலுள்ள லாக்டோசைச் சிதைக்கும் நொதி அதன் சிறுகுடலில் இல்லை. எனவே லாக்டோஸ் கலந்த தீனி கொடுத்தால் அது செரிக்காமல் முட்டுக்குடலைப் போய்ச் சேரும். குறைமாதக் குழந்தையிலும் அந்த நொதி முழுமையாகச் சுரக்காததால் பால் சர்க்கரையில் ஒரு பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. நுண்ணுயிரற்ற காடையின் குடலில் கிளாஸ்டிரிடியம் பியூட்டிரிகம் என்னும் ஒரே பாக்டீரியாவை மட்டும் குடியேற்றி லாக்டோஸ் கொடுத்தபோது, முட்டுக்குடல் சுவர் தடித்து, வாயுக் குமிழ்கள் தோன்றி, திசு அழுகியது. குழந்தைகளில் காணும் புண்ணோடு அது ஒத்திருந்தது. அதோடு பிஃபிடோபாக்டீரியாவையும் குடியேற்றியபோது புண்கள் தடுக்கப்பட்டன. அளவுமீறி உண்டான பியூட்டிரிக் அமிலமே சுவரைத் தாக்கியது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

பெருங்குடல் செல்களுக்கு முதன்மை எரிபொருள் என்று மேலே சொன்ன அதே அமிலம்தான் இது. வளர்ந்த குடலில் சீரான அளவில் உணவு, முதிராத குடலில் தேங்கி நின்றால் தீங்கு. பியூட்டிரேட் நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கு எந்த வயதுக் குடல், எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

அச்சமும் குடலும்

காடையை மல்லாக்கப் படுக்க வைத்து மெல்ல அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது சற்று நேரம் அசையாமல் கிடக்கும். கொன்றுண்ணியிடம் அகப்பட்ட விலங்கு செத்ததுபோல் கிடப்பதன் ஒரு வடிவம் இது. எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை அச்சத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்சின் நூசியி ஆய்வு மையத்தில் நீண்ட நேரம் கிடக்கும் காடைகள், விரைவில் எழும் காடைகள் என இரு பரம்பரைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அங்கே 2018-இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிரற்ற காடைகள் நுண்ணுயிருள்ளவற்றைவிடக் குறைவாக அஞ்சின. அதன் பின் வெளியான இன்னொரு ஆய்வில், அஞ்சும் பரம்பரைக் குஞ்சுகளுக்கு அஞ்சாத பரம்பரையின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தனர். முதல் இரு வாரங்களில் அச்சம் குறைந்தது. பிறகு போக்கு தலைகீழானது.

முதல் பாதியை மட்டும் சொல்லி, தைரியத்தைப் பாக்டீரியாவால் மாற்றலாம் என்று எழுதிவிடுவது எளிது. இரண்டாம் பாதிதான் முக்கியம். வந்து சேர்ந்த நுண்ணுயிர்களைக் குஞ்சின் மரபும் வயதும் தீனியும் தம் போக்குக்கு மாற்றிக்கொள்கின்றன. சுண்டெலிகளில் 2004-இல் ஜப்பானியர் நொபுயுகி சூடோ கண்டதும் காலத்தைப் பற்றியதே. நுண்ணுயிரற்ற சுண்டெலியை இறுக்கமான குழலில் அடைத்தபோது மனஅழுத்த ஹார்மோன்கள் மிகையாக எழுந்தன. இளம் வயதில் நுண்ணுயிர் கொடுத்தால் அந்த மிகை குறைந்தது, பின்னர் கொடுத்தால் பயன் இல்லை. கூடவே கவனிக்க வேண்டியது: நுண்ணுயிரில்லாத நிலை சுண்டெலியின் அழுத்த ஹார்மோனைக் கூட்டியது, காடையின் அச்சத்தைக் குறைத்தது. அளந்தவை வேறு, விலங்குகள் வேறு என்றாலும், சுண்டெலியில் கண்டதைப் பறவைக்கும் மனிதருக்கும் நேராகப் பொருத்துவோர் இங்கே நின்று யோசிக்க வேண்டும்.

எங்கிருந்து வருகின்றன?

நலமான முட்டைக்குள் நுண்ணுயிர் மிகக் குறைவு. காட்டில் குஞ்சு தாயின் இறகு, கூடு, எச்சம் ஆகியவற்றிலிருந்து அவற்றைப் பெறுகிறது. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. 1971-இல் ஃபின்லாந்துக் கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவியது. வளர்ந்த கோழியின் குடல் சரக்கைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லாவுக்கு இடமில்லாமல் போகிறது என்பதை நூர்மியும் ரன்டலாவும் 1973-இல் வெளியிட்டனர். ஒரு பாக்டீரியாவை மட்டும் கொடுப்பதில் இந்த வலிமை இல்லை, முழுக் கூட்டமும் வேண்டும்.

மற்ற விலங்குகள் இதற்கு எடுக்கும் முயற்சியைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பனாமாவில் பச்சை உடும்புக் குஞ்சுகள் முதலில் கூட்டின் மண்ணைத் தின்கின்றன, பிறகு மரத்தின் உச்சிக்கு ஏறிப் பெரிய உடும்புகளோடு சேர்ந்து அவற்றின் மலத்தைத் தின்கின்றன. கோலாக் குட்டி யூகலிப்டஸ் இலைக்கு மாறும் முன் தாயின் முட்டுக்குடலிலிருந்து வரும் மென்மையான மலத்தைத் தின்கிறது. நஞ்சுள்ள செடியைத் தின்னும் ஆற்றலும் இப்படிக் கைமாறுகிறது. ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் சூபாபுல் இலையிலுள்ள மிமோசின் என்னும் நஞ்சு நோய் உண்டாக்கியது, ஹவாயின் ஆடுகள் அதைத் தின்றும் நலமாக இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தார், நோய் நின்றது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் அவர் பெயரே இடப்பட்டது.

நைட்ரஜனை மீட்பதும் காடையோடு நின்றுவிடவில்லை. பதின்மூன்று கோட்டுத் தரை அணில் குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தின்னாமல் வளைக்குள் உறங்குகிறது, ஆனாலும் வசந்தத்தில் தசை பெரிதாக மெலியாமல் வெளியே வருகிறது. அதன் யூரியாவிலுள்ள நைட்ரஜனைக் குடல் பாக்டீரியாக்கள் விடுவிப்பதையும், அது தசைப் புரதத்தில் போய்ச் சேர்வதையும் 2022-இல் அடையாளமிட்ட யூரியாவைக் கொண்டு காட்டினர். குடல் நுண்ணுயிர்கள் ஆன்டிபயாடிக்கால் ஒழிக்கப்பட்ட அணில்களில் இது வெகுவாகக் குறைந்தது.

குளிர் இரத்த விலங்குகளில் கதை வேறு திசையில் போகிறது. வரிக்குதிரை மீனின் குடல் பாக்டீரியா ஒன்று வெளியிடும் புரதம், இன்சுலின் சுரக்கும் செல்களைப் பெருகச் செய்வதை 2016-இல் ஓரிகன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. குடல் நுண்ணுயிர் குறைக்கப்பட்ட தவளைத் தலைப்பிரட்டைகளின் வெப்பம் தாங்கும் திறன் குறைவதை 2022-இல் கண்டனர்.

பறவைகளுக்கும் நுண்ணுயிருக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சுமார் 900 முதுகெலும்பி இனங்களின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பறக்காத பாலூட்டிகளில் நெருங்கிய உறவினரின் நுண்ணுயிர்கள் ஒத்திருந்தன. பறவைகளிலும் வௌவால்களிலும் அந்த ஒற்றுமை மிகவும் தளர்ந்திருந்தது. குட்டையான குடல், விரைவாகக் கடந்துபோகும் உணவு, எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து பறப்பவற்றை நிலையான குடித்தனத்திலிருந்து விலக்கியிருக்கலாம். தரையில் ஓடிப் பிழைக்கும் காடை, கோழி, குரௌஸ் ஆகியவை முட்டுக்குடலைப் பெரிதாக வைத்துக்கொண்டிருப்பதால் விதிவிலக்காக நிற்கின்றன.

இந்த விதிவிலக்கு இப்போது பறவைப் பாதுகாப்பில் நடைமுறைப் பிரச்சினையாகிவிட்டது. அடைத்து வளர்க்கும் குரௌஸ் இனங்களுக்கு எளிதில் செரிக்கும் தீனியால் முட்டுக்குடல் குறுகுகிறது, காட்டுச் செடிகளின் டானின் என்னும் துவர்ப்புப் பொருளையும் நச்சையும் கையாளும் நுண்ணுயிர்களும் காணாமல் போகின்றன. அப்படி வளர்ந்த பறவையைக் காட்டில் விட்டால் அங்கே கிடைக்கும் இலையை அதனால் செரிக்க முடியாது. ஜப்பானின் உயர்மலைகளில் அருகிவரும் ராய்ச்சோ என்னும் பனிக்கோழியின் குஞ்சுகள் இயற்கையில் தாயின் முட்டுக்குடல் எச்சத்தைத் தின்றே நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. எனவே அதை வளர்ப்போர் காட்டுப் பறவைகளின் முட்டுக்குடல் எச்சத்தை மலையிலிருந்து சேகரித்து வந்து, அடைப்பில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு முதல் நாட்களிலேயே கொடுத்துப் பார்க்கிறார்கள்.